எக்ஸ் கொடியப் பாக்காம விட்ட கதை

இலையுதிர் கால ரெகாட்டா, அதான் பாய்மரப் படகுப் போட்டி, முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, உள்ளங்கை இன்னும் எரியுது. குளிர்ல ஈரக் கயித்த ரெண்டு நாள் இழுத்தா எரியாம என்ன செய்யும். அதவிட வயிறுதான் ஜாஸ்தி எரியுது.

நாங்க ஓட்டுறது 420. படகு நீளம் 4.20 மீட்டர், அதான் அந்தப் பேரு. ரெண்டு பேர் படகு, சுக்கானும் பெரிய பாயும் எங்கிட்ட, முன்னாடி இருக்குற சின்னப் பாய் ஜிப், பலூன் மாதிரி உப்புற பாய் ஸ்பின்னேக்கர், ட்ரபீஸ் கம்பியில படகுக்கு வெளிய தொங்குறது எல்லாம் என் ஃப்ரெண்டு தலையில. மொத்தம் 18 படகு.

இந்த சீசன் காத்து ஒரு மாதிரி கிறுக்குப் புடிச்சது. வெயில் காலத்துல சூடான தண்ணி இன்னும் ஆறியிருக்காது, அதுக்கு மேல குளிர் காத்து வந்து ஒக்காந்தா கீழ இருக்குற சூடு மேல ஏறும், மேல வேகமா போயிட்டிருந்த காத்து திடீர்னு தண்ணி மேல எறங்கும், அதான் கஸ்ட். 8 நாட் வேகத்துல அடிக்குற காத்து 16 ஆனா பாய் மேல விழுற விசை ரெண்டு மடங்கு இல்லீங்க, நாலு மடங்கு! மொத நாள் முழுக்க இதே கூத்துதான்.

மொத ரேஸ். ஸ்டார்ட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஹாரன், நாலுல தயாராகச் சொல்ற P கொடி ஏறுது, ஒரு நிமிஷம் இருக்கும்போது எறங்குது, லைன்ல 18 படகும் முட்டிக்கிட்டு நிக்குது, கடைசி அஞ்சு செகண்ட்ல ஒரு கஸ்ட் வந்து எங்களத் தள்ளிவிட்டுச்சு. ஸ்டார்ட் ஹாரன் அடிச்ச உடனே இன்னொரு ஹாரன்.

"டேய், நாமதான் முன்னாடி போயிட்டோம்னு நெனைக்கிறேன், திரும்பலாம்டா"ன்னான்.

"நாம இல்லடா, பக்கத்துல இருக்குறவன்"னு சொல்லிட்டேன். திரும்பிக்கூட பாக்கல. யாரோ ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே லைனத் தாண்டிட்டாங்கன்னு சொல்ற, வெள்ளையில நீலச் சிலுவை போட்ட எக்ஸ் கொடி, போட்டி நடத்துறவங்களோட கமிட்டி போட்ல பறந்திருக்கு, திரும்பிப் போய் லைனத் தாண்டி வந்திருந்தா அர நிமிஷம் போயிருக்கும், அவ்ளோதான்.

செம்மயா ஓட்டுனோம் அந்த ரேஸ, அதான் கொடுமையே. மூணாவதா ஃபினிஷ் லைனத் தாண்டுறோம், முன்னாடி போன ரெண்டு படகுக்கும் ஹாரன் அடிச்சவங்க எங்களுக்கு அடிக்கல. சத்தமே இல்ல. அப்பத்தான் புரிஞ்சுது.

ஓசிஎஸ், அதாவது ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே லைனத் தாண்டிட்டோம்னு எழுதிட்டாங்க. மொத்தப் படகோட ஒண்ணு கூட்டி 19 பாயின்ட். இதுல பாயின்ட் கம்மியா இருக்குறவன்தான் ஜெயிப்பான்.

அடுத்த ரெண்டு ரேஸ்ல ஆறாவது, நாலாவது இடம், அதான் 6, 4 பாயின்ட். சரி, இங்க அஞ்சு ரேஸ் முடிஞ்சா மோசமான ஒண்ண கழிச்சிருவாங்க, 19 போயிரும்னு கணக்கு போட்டுட்டு நிம்மதியா தூங்குனேன். ரெண்டாம் நாள் காலைல நாலாவது ரேஸ்ல ரெண்டாவது இடம்! அதுக்கப்புறம் காத்து செத்துப் போச்சு. முந்தின நாள் எங்களத் தூக்கிப் போட்ட அதே ஏரி, கண்ணாடி மாதிரி கெடக்கு. மூணு மணி நேரம் படகுலயே ஒக்காந்திருந்தோம், கடைசியில பட்டை போட்ட ஏபி கொடியும் அதுக்குக் கீழ ஏ கொடியும் ஏத்திட்டாங்க, இன்னிக்கு இனிமே ரேஸ் கெடயாதுன்னு.

நாலே ரேஸ், ஸோ எதயும் கழிக்க முடியாது. 31 பாயின்ட், ஏழாவது இடம். மூணாவது வந்தவங்களுக்கு 15.

அவன் "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஒரு வார்த்த கேக்கல, திட்டியிருந்தாலாவது தேவல. நேத்து படகக் கழுவப் போனப்பதான் பாத்தேன், பெரிய பாயோட அடியில இருக்குற கம்பு, பூம்ல, நான் ஒக்கார்ற பக்கமா மார்க்கர்ல பெருசா ஒரு எக்ஸ் போட்டு வச்சிருக்கான்.