ஒரு பதிவிறக்கம் ஒரு விற்பனையாகுமா?

என் மின்னூல் வெளிவந்த மூன்றாம் வாரத்தில், அதன் பிடிஎஃப் பிரதி ஒரு பகிர்வுக் குழுவில் சுற்றிக்கொண்டிருப்பதாக நண்பர் ஒருவர் தெரிவித்தார். போய்ப் பார்த்தேன், அதுவரை விற்றிருந்த பிரதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக அது பதிவிறக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணிக்கையை நூலின் விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, அன்றிரவு உறக்கமின்றிக் கிடந்தேன். அந்தக் கணக்கு தவறு என்று ஏற்றுக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

இலவசமாகக் கிடைத்ததால் எடுத்து வைத்துக்கொண்டவர், அது கிடைக்காதிருந்தால் காசு கொடுத்து வாங்கியிருப்பார் என்று கொள்ள முடியாது. திருட்டுப் பிரதியே இல்லாதிருந்தால் எவ்வளவு விற்றிருக்கும் என்பதுதான் கேள்வி. நடக்காத ஒன்றை எண்ணிப் பார்க்க வழியில்லாததால்தான் ஆய்வாளர்கள் இதில் இவ்வளவு முரண்படுகிறார்கள். கோப்புப் பகிர்வால் இசைத்தொகுப்புகளின் விற்பனைக்குப் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க பாதிப்பு இல்லை என்று ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்னும் பொருளியலாளர்கள் இருவர் 2007-இல் எழுதினர். பொருளியலாளர் ஸ்டான் லீபோவிட்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார். பாடல் கோப்புகளை இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் 1999-இல் வந்தபின் உலக இசைத்துறையின் வருவாய் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சரிந்தது உண்மைதான். ஆனால் முழுத்தொகுப்பை வாங்காமல் ஒரே பாட்டை மட்டும் வாங்கும் வசதியும் அதே காலத்தில்தான் பரவியது.

சட்டமோ கண்காணிப்போ திடீரென மாறிய தருணங்களை ஆராய்ந்தவர்களின் முடிவுகளே எனக்கு நம்பத்தக்கவையாகப் படுகின்றன. திருட்டுப் பிரதிகள் பெருமளவில் பகிரப்பட்ட மெகாஅப்லோட் தளம் 2012 ஜனவரியில் முடக்கப்பட்டபின், இரண்டு பெரிய ஸ்டூடியோக்களின் டிஜிட்டல் திரைப்பட வருவாய் 6.5 முதல் 8.5 சதவீதம் வரை உயர்ந்ததாக டானஹர், ஸ்மித் ஆகியோர் கண்டனர். அதே முடக்கத்தைத் திரையரங்கு வசூலோடு ஒப்பிட்ட வேறொரு ஆய்வோ, பெரும் எண்ணிக்கையில் அரங்குகளைப் பிடித்த படங்களுக்கு நன்மை விளைந்திருக்கலாம் என்றாலும், மற்றப் படங்களின் வசூல் குறைந்ததாகக் கூறியது. சிறிய படங்களைத் திருட்டாகப் பார்த்தவர்கள் பிறரிடம் சொல்லிப் பரப்பிய பேச்சு நின்றுபோனது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். ஐரோப்பிய ஆணையம் செய்வித்து 2017-இல் வெளித்தெரிந்த அறிக்கையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை: புதிய வெற்றிப் படங்களில் சட்டவிரோதமான பத்துப் பார்வைகள் ஏறத்தாழ நான்கு சட்டப்பூர்வப் பார்வைகளை விழுங்குகின்றன என்றது, இசை, நூல் போன்றவற்றில் உறுதியான இழப்பை நிறுவ இயலவில்லை என்றது.

இவற்றையெல்லாம் படித்தபின், சிறிய படைப்பாளியான நான் திருட்டால் ஆதாயம் அடைந்திருக்கக்கூடும் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தை நேர்மையாகவே எடைபோட்டுப் பார்த்தேன், ஏற்க முடியவில்லை. பரவிய பேச்சு பயன் தர வேண்டுமானால் அது எங்கேனும் ஓரிடத்தில் விற்பனையாகத் திரும்பி வந்து சேர வேண்டும். இரண்டாம் நூலைப் பற்றிப் பேசச் சென்றபோது, பதிப்பாளர் கேட்டது ஒரே ஒரு எண்ணைத்தான்: முதல் நூல் எத்தனை பிரதிகள் விற்றது? அந்தக் குழுவில் என் நூலைப் படித்து, சில பகுதிகளை மேற்கோளாக எடுத்துப் போட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்த வாசகர்களில் ஒருவர்கூட அந்த எண்ணுக்குள் இல்லை. அவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவரிடம் காட்ட என் கையில் இருந்தது, அந்தத் திருட்டுப் பிரதியின் பதிவிறக்கக் கணக்கு மட்டுமே.