அடுத்த மேனேஜர் யார்? பெயர்களை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள்

கால்பந்து கிளப் ஒன்று புது மேனேஜரை, அதாவது அணியை நடத்தும் ஆளைத் தேடும்போது, முதல் நாள் அடிபடும் பெயர்தான் கடைசியில் கிளப் ஸ்கார்ஃபைத் தூக்கிப் பிடித்துப் படத்துக்கு நிற்கும் என்பது அபூர்வம். 2024 ஜனவரி 26 அன்று, சீசன் முடிந்ததும் லிவர்பூலை விட்டுப் போகப்போவதாக யூர்கன் க்ளாப் அறிவித்தார். அன்றைக்கே ரசிகர்கள் மனதில் ஆள் முடிவாகிவிட்டது: ஸாபி அலோன்ஸோ. லிவர்பூலின் பழைய வீரர், லெவர்குசனை ஜெர்மன் லீக்கான பன்டஸ்லீகாவின் உச்சியில் நிறுத்தியிருந்தவர், வேறு யாரை யோசிப்பது? மார்ச் 29 அன்று, லெவர்குசனிலேயே தொடர்வதாக அவர் சொல்லிவிட்டார். அடுத்து போர்ச்சுகல் கிளப்பான ஸ்போர்ட்டிங்கின் ரூபன் அமோரிம் பெயர் சில வாரம் ஓடியது. ஏப்ரல் கடைசியில்தான் நெதர்லாந்துக் கிளப்பான ஃபெயனூர்டின் ஆர்னே ஸ்லாட் முன்னுக்கு வந்தார். மே 20 அன்று அதிகாரபூர்வ அறிவிப்பு.

அதே வசந்த காலத்தில் பயர்ன் மியூனிக்கில் நடந்தது இதைவிடக் கொடுமை. சீசனோடு தாமஸ் டூகல் விலகுவார் என்று பிப்ரவரியில் அறிவித்தார்கள். அலோன்ஸோ வரவில்லை. யூலியன் நாகல்ஸ்மன் ஜெர்மனி அணியுடன் ஒப்பந்தத்தை 2026 உலகக் கோப்பை வரை நீட்டித்துக்கொண்டார். ரால்ஃப் ராங்னிக் மே 2 அன்று ஆஸ்திரியாவுடனே இருக்கிறேன் என்றார். மே 29 அன்று வந்து சேர்ந்தவர் வின்சென்ட் கொம்பனி. அந்த சீசனில்தான் அவருடைய பர்ன்லி பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியிருந்தது. பிப்ரவரியில் எந்த ரசிகரின் பட்டியலிலும் அவர் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இரண்டையும் வைத்து யூகமே வீண் என்று சொல்ல வரவில்லை. நாம் கேட்கும் கேள்விதான் தப்பு. "யார் நல்ல மேனேஜர்" என்று நாம் கேட்கிறோம். கிளப் கேட்பது வேறு: தேர்வு செய்யும் அதிகாரம் யாரிடம், அவர் எப்படிப்பட்ட ஆளைத் தேடுகிறார், அந்த ஆளை இப்போது வெளியே எடுக்க முடியுமா, எத்தனை நாளில்? இந்த வரிசையில் போனால் இருபது பெயர் நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

முதலில் நீக்க அறிவிப்பையே வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலோர் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். விஷயம் கடைசிப் பத்தியில் இருக்கும். 2021 நவம்பர் 21 அன்று மேனேஜர் சூல்ஷாரை நீக்கியபோது மான்செஸ்டர் யுனைடெட் சொன்னது என்ன? அடுத்து வரும் ஆட்டங்களை மைக்கேல் கேரிக் கவனிப்பார், சீசன் முடியும்வரை ஓர் இடைக்கால மேனேஜரைத் தேடுகிறோம் என்று. அதாவது நிரந்தர நியமனம் கோடைக்கு முன் கிடையாது. அதற்குப் பிறகும், அப்போது பாரிஸ் கிளப்பின் கோச்சாக இருந்த பொச்செட்டினோ இந்த வாரமே அங்கிருந்து வருகிறார் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு வரியைப் படிக்காதவர்கள். நவம்பர் 29 அன்று ராங்னிக் வந்தார், சீசன் முடிவுவரை மட்டும்.

2024 அக்டோபர் 28 அறிவிப்பு இன்னும் நுணுக்கமானது. எரிக் டென் ஹாக் "மேனேஜர்" பொறுப்பிலிருந்து விலகுகிறார் என்று தொடங்கி, நிரந்தர "ஹெட் கோச்" கிடைக்கும்வரை ரூட் வான் நிஸ்டல்ரூய் பார்த்துக்கொள்வார் என்று முடிந்தது. பதவியின் பெயரே மாறிவிட்டது பாருங்கள். மேனேஜர் என்றால் ஆட்களை வாங்குவது விற்பதிலும் பெரிய கை. ஹெட் கோச் என்றால் பயிற்சியும் ஆட்டமும் மட்டும், வாங்குவதை ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்ற கிளப் அதிகாரி பார்ப்பார். அந்த ஒரு சொல்லே, எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் பெரிய பெயர்களைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுகிறது. லிவர்பூலிலும் ஸ்லாட் வந்தது ஹெட் கோச்சாகத்தான். அவருக்கு முன்பே, மார்ச்சில், கிளப் உரிமையாளர்களின் கால்பந்துப் பிரிவுத் தலைவராக மைக்கேல் எட்வர்ட்ஸ் திரும்பி வந்து ரிச்சர்ட் ஹியூஸை ஸ்போர்ட்டிங் டைரக்டராக அறிவித்தாகிவிட்டது. தேர்வு செய்பவர்கள் முதலில், தேர்வாகிறவர் பிறகு.

தேர்வு செய்பவர் நடுவில் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 டாட்டன்ஹாம்தான் பாடம். லீக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஏப்ரல் 19 அன்று மொரின்யோவை நீக்கினார்கள். 29 வயது ரையன் மேசன் இடைக்காலப் பொறுப்பு. கோன்டேயுடன் பேச்சு முறிந்தது. பவுலோ ஃபொன்செகா கிட்டத்தட்ட வந்துவிட்டார் என்ற நேரத்தில், ஜூனில் ஃபாபியோ பராடிச்சி கால்பந்துப் பிரிவின் தலைமைக்கு வந்தார். சில நாளில் ஃபொன்செகா கதை முடிந்தது. கட்டூசோ பெயர் வந்ததும் ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், அதுவும் நின்றது. 72 நாள் கழித்து, ஜூன் 30 அன்று நூனோ. நவம்பர் 1 அன்று அவரும் போய், மறுநாளே கோன்டே. உங்கள் கிளப்பில் ஸ்போர்ட்டிங் டைரக்டர் நாற்காலி காலியாக இருந்தால், மேனேஜர் பெயர்கள் எதையும் நம்பாதீர்கள். அந்த நாற்காலி நிரம்பும் அன்று பழைய பட்டியல் குப்பைக்குப் போய்விடும்.

சில கிளப்புகளுக்கு ஒரு பழக்கம் இருக்கும், அது ஆளை மீறி நிற்கும். பிரென்ட்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரில் டீன் ஸ்மித் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனதும், உள்ளேயே உதவியாளராக இருந்த தாமஸ் ஃபிராங்கை உயர்த்தினார்கள். 2025 ஜூனில் ஃபிராங்க் டாட்டன்ஹாமுக்குப் போனதும், செட்பீஸ் (ஃப்ரீகிக், கார்னர் போன்றவை) கோச்சாக இருந்த கீத் ஆண்ட்ரூஸை உயர்த்தினார்கள். வெளியிலிருந்து பெரிய பெயர் எழுதிக்கொண்டிருந்தவர்கள் கிளப்பின் வரலாற்றைப் பார்க்கவில்லை. பிரைட்டன் வேறு வகை: 2024 ஜூனில் ஜெர்மன் கிளப்பான செயின்ட் பவுலியிலிருந்து 31 வயது ஃபாபியன் ஹூர்ட்ஸலரைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட கிளப்புக்கு, எல்லாருக்கும் தெரிந்த ஐந்து பெயரை எழுதுவதில் பயனே இல்லை.

இனி ஒப்பந்தம். ஒரு பெயரை எழுதியதும் பக்கத்தில் மூன்று விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: ஒப்பந்தம் எந்த ஜூனில் முடிகிறது, ரிலீஸ் கிளாஸ் (இவ்வளவு தொகை கட்டினால் ஆளை விடவேண்டும் என்ற ஒப்பந்த விதி) உண்டா, முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள். ரிலீஸ் கிளாஸ் இல்லையென்றால் நஷ்டஈட்டை இரண்டு கிளப்பும் பேசித்தான் தீர்க்க வேண்டும். மீதி வருடம் கூடக் கூட, விடும் கிளப்பின் கை ஓங்கும். கிளாஸ் இருந்தால் விலை தெரியும், ஆனால் நாள் தெரியாது. 2024-ல் டென் ஹாகுக்குப் பதிலாக யுனைடெட் தேடிய அமோரிம் விஷயம் இதற்கு நல்ல உதாரணம். ஸ்போர்ட்டிங் பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்பதால், போர்ச்சுகலின் சந்தை ஒழுங்குமுறை அமைப்புக்கு அறிக்கை கொடுத்தே ஆகவேண்டும். யுனைடெட் 1 கோடி யூரோ கிளாஸைக் கட்டத் தயார் என்று அக்டோபர் 29 அன்றே அந்த அறிக்கை சொன்னது. நவம்பர் 1 அன்று தொகை 1.1 கோடி யூரோ ஆனது. கூடுதல் 10 லட்சம் எதற்கு? 30 நாள் முன்னறிவிப்பைக் குறைப்பதற்கு. அப்படியும் உடனே விடவில்லை. நவம்பர் 10 வரை மூன்று ஆட்டம் ஸ்போர்ட்டிங்குக்கு நடத்திவிட்டுத்தான் 11 அன்று வந்தார். நடுவில் ஒன்று மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று அடித்த ஆட்டம்.

எந்தச் செய்தியாளர் சொன்னதைவிடவும் அந்த அறிக்கை நம்பத்தக்கது, ஏனென்றால் அதில் பொய் சொன்னால் சட்டப்படி மாட்டிக்கொள்வார்கள். பென்ஃபிகா, போர்ட்டோ, யுவென்டஸ், டார்ட்முண்ட், அயாக்ஸ் எல்லாமே பங்குச்சந்தைப் பட்டியலில் வந்தவை. உங்கள் கிளப் தேடும் ஆள் அங்கே இருந்தால், வதந்திக் கணக்குகளைத் துரத்துவதை விட்டு முதலீட்டாளர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியையும் பாருங்கள். நவம்பர் 11 ஏன்? அன்று சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவேளை தொடங்கியிருந்தது. முதல் ஆட்டம் நவம்பர் 24, இப்ஸ்விச்சுடன். இப்படிப்பட்ட இடைவேளைகளை ஒட்டி மாற்றம் நடந்தால் புது ஆளுக்கு இரண்டு வாரம் கிடைக்கும். தேசிய அணிக் கோச் என்றால் கணக்கே வேறு. 2018 உலகக் கோப்பைக்கு ஸ்பெயினோடு ரஷ்யா போயிருந்த ஹூலன் லொபெடேகியை ரியல் மாட்ரிட் ஜூன் 12 அன்று அறிவித்தது. ஜூன் 13 அன்று ஸ்பெயின் அவரை நீக்கியது, முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு. அதைப் பார்த்த எந்தத் தேசிய அணிக் கோச்சும் பெரிய தொடருக்கு முன் சும்மா அசையமாட்டார்.

உரிமம் என்ற வடிகட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய லீக்குகளில் தலைமைக் கோச்சுக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் ப்ரோ லைசன்ஸ் வேண்டும். வில் ஸ்டில் 2022 அக்டோபரில் பிரான்ஸின் ரெய்ம்ஸ் அணியை ஏற்றபோது அது இல்லை. கிளப் ஆட்டத்துக்கு 25,000 யூரோ அபராதம் கட்டிக்கொண்டே அவரை வைத்திருந்தது. எல்லாக் கிளப்பும் அப்படிச் செய்யாது. பிரெக்சிட்டுக்குப் பிறகு இங்கிலாந்துக்கு வெளிநாட்டுக் கோச் வருவதென்றால் வேலை அனுமதியும் சேர்ந்துகொள்கிறது. அண்மை வருடங்களில் பெரிய லீக்கில் எவ்வளவு காலம் பொறுப்பில் இருந்தார் என்று பார்ப்பார்கள். இரண்டாம் நிலை லீக்கில் ஒரே சீசன் ஜொலித்தவரை எழுதும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பந்தய நிறுவனங்களின் ஆட்ஸை, அதாவது பந்தய விகிதத்தை, ஆதாரமாகக் காட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒருவருக்கு 1/2, அடுத்தவர்களுக்கு 3/1, 5/1, 10/1 என்று வைத்துக்கொள்வோம். கீழ் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வாய்ப்பு: 66.7, 25, 16.7, 9.1 சதவீதம். கூட்டினால் 117.5. நூறைத் தாண்டுவது நிறுவனத்தின் லாபம். 66.7-ஐ 117.5-ஆல் வகுத்தால் முதல் ஆளின் உண்மையான மதிப்பீடு சுமார் 57 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி, "உறுதி" அல்ல. அதோடு இது சின்னச் சந்தை. கொஞ்சப் பணம் ஒரு பெயரில் விழுந்தாலே ஆட்ஸ் சரியும், அந்தச் சரிவே செய்தியாகும், செய்தியைப் பார்த்து இன்னும் பணம் விழும். இடைக்கால ஆள் 10 ஆட்டம் தொடர்ந்து நடத்தினால் அவரையே அடுத்த மேனேஜராகக் கணக்கில் எடுக்கும் விதி பல நிறுவனங்களில் உண்டு. ஆகவே இடைக்கால ஆளின் ஆட்ஸ் குறைந்தால், கிளப் அவரை நிரந்தரமாக்கப் போகிறது என்று அர்த்தமில்லை.

செய்தியை எடைபோடும்போது, விடும் கிளப்பின் ஊரில் இருப்பவர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். வாங்கும் கிளப்பைச் சுற்றி எழுதுபவருக்கு ஆசை தெரியும். விடும் பக்கம் இருப்பவருக்குத்தான் ஒப்பந்தம் தெரியும். ஒரே தகவலை இருபது தளங்கள் எடுத்துப் போட்டால் அது இருபது சாட்சி ஆகாது. முதலில் வந்த நேரத்தைத் தேடிப் பிடியுங்கள். சம்பந்தப்பட்ட ஆளே வாய் திறந்தால் கவனியுங்கள்: லிவர்பூலுக்குப் போக ஆசை, கிளப்புகள் பேசிக்கொண்டிருக்கின்றன என்று ஸ்லாட்டே ஏப்ரல் 25 அன்று டச்சுத் தொலைக்காட்சியிடம் சொன்னார். அதற்குப் பிறகு யூகத்துக்கு வேலையில்லை. 2018 மே மாதம் ஆர்டெட்டாதான் ஆர்சனலுக்கு என்று எல்லாரும் எழுதித் தீர்த்த நிலையில், கிளப் அறிவிக்கும் முன்பே உனாய் எமெரியின் சொந்த இணையதளத்தில் ஆர்சனல் குடும்பத்தில் சேர்ந்ததற்கான வாசகம் வந்துவிட்டது.

இடைக்கால ஆள் ஜெயிக்க ஆரம்பித்தால் நமக்குப் பொறுமை போய்விடுகிறது. 2018 டிசம்பரில் யுனைடெட்டுக்கு இடைக்கால ஆளாக வந்த சூல்ஷார் 19 ஆட்டத்தில் 14 வென்றார். மார்ச் 28 அன்று மூன்று வருட ஒப்பந்தம். அந்த சீசனில் மீதியிருந்த 10 ஆட்டத்தில் வெற்றி இரண்டே. எதிராளிகளின் வரிசையைப் பார்க்காமல் வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதுதான் இங்கே தப்பு.

கடைசியாக, ஒரு கிளப்பில் கதவு மூடும்போது இன்னொரு கிளப்பின் பட்டியலில் ஒரு பெயர் கூடுகிறது. அமோரிம் தன் உதவியாளர்களோடு வந்ததும், 2024 நவம்பர் 11 அன்று வான் நிஸ்டல்ரூயும் மேலும் மூன்று பேரும் விடுவிக்கப்பட்டார்கள். 24 அன்று லெஸ்டர், ஸ்டீவ் கூப்பரை நீக்கியது. லெஸ்டருக்கு ஆளை எழுதிக்கொண்டிருந்த ரசிகர்கள் அதற்கு முந்தைய சில வாரங்களின் ஆட்டவரிசையைப் பார்த்திருந்தால் போதும்: வான் நிஸ்டல்ரூய் இடைக்காலத்தில் நடத்திய நான்கு ஆட்டத்தில் இரண்டு லெஸ்டருடன், ஒன்று 5-2, இன்னொன்று 3-0. கையில் ஒப்பந்தம் இல்லை, நஷ்டஈடு இல்லை, இங்கிலாந்திலேயே இருக்கிறார், லெஸ்டர் அவரை அருகிலிருந்து பார்த்திருக்கிறது. நவம்பர் 29 அன்று அவர்தான் லெஸ்டரின் மேனேஜர்.