பெரஸ்தாகி மலையில் 25 வருடக் குத்தகை

பினாங்கிலிருந்து வேலைக்காக இந்தோனேசியாவின் மேடான் போனவன் நான். மேடானும் பினாங்கைப் போலவே புழுங்கும் ஊர். அதனால் சனிக்கிழமை ஆனால் பெரஸ்தாகி என்ற மலை ஊருக்கு ஏறிவிடுவேன். சுமார் 1,300 மீட்டர் உயரம், ஆரஞ்சுத் தோட்டங்கள், முட்டைக்கோஸ் வயல், பின்னால் புகை விட்டுக்கொண்டு நிற்கும் சிபாயாக் மலை. இரண்டு வருடம் இப்படிப் போய்வந்த பிறகு, அங்கேயே ஒரு வீடு வேண்டும் என்று மனம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் பார்த்த தரகர், உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். அங்கே இதை 'பிஞ்சாம் நாமா' என்பார்கள். பெயரைக் கடன் வாங்குவது. தயவுசெய்து யாரும் இதற்குத் தலையாட்டாதீர்கள். இந்தோனேசியாவின் 1960 நிலச் சட்டப்படி 'ஹாக் மிலிக்' என்ற முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். சுற்றி வளைத்து வெளிநாட்டவர் கைக்குப் போகும் கிரயம் செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவே இதைச் சொல்கிறது. வெளிநாட்டவருக்கு 'ஹாக் பக்காய்' என்ற பயன்பாட்டு உரிமை உண்டு. 2021 விதிப்படி முதலில் 30 வருடம், நீட்டித்தால் 20, புதுப்பித்தால் இன்னொரு 30. ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் குறைந்தபட்ச விலை வரம்பு வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த கிராமத்து வீடு அதன் பக்கத்தில்கூட வராது. ஆக, நோட்டாரிஸ் என்ற பத்திர அதிகாரி முன்னால் எழுதும் நீண்ட காலக் குத்தகைதான் எனக்குச் சரி என்று முடிவு செய்தேன்.

வீடு பிடித்திருந்தது. மரச் சுவர், தகரக் கூரை, பின்னால் கொஞ்சம் ஆரஞ்சு மரங்கள். முதலில் விசாரித்தது சினாபுங் எரிமலையைப் பற்றி. சுமார் 400 வருடம் உறங்கிக் கிடந்த மலை 2010இல் விழித்து, பல கிராமங்களையே காலி செய்ய வைத்தது. அந்த மக்களில் பலரைச் சியோசார் என்ற இடத்துக்குக் குடிமாற்றினார்கள். ஆபத்து எல்லை வரைபடத்தில் இந்த வீடு வெளியேதான் இருந்தது. இருந்தாலும் ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பார்த்தேன். சாம்பல் படிந்து நனைந்த இடமெல்லாம் தகரம் துரு ஏறி, விரலால் அழுத்தினாலே பொடிந்தது.

அடுத்தது பத்திரம். அங்கே பல நிலங்களுக்கு உரிமைச் சான்றிதழ் கிடையாது. கிராமத் தலைவரோ சாமாட் என்ற வட்டார அதிகாரியோ கொடுத்த கடிதம்தான் இருக்கும். இதற்கும் அப்படியே. சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால்தான் முன்பணம் என்று சொல்லிவிட்டேன். கபன்ஜாஹேயில் உள்ள நில அலுவலகத்துக்கு மனு போனது. அளக்க வந்த அன்று நாலு பக்கத்து அக்கம்பக்கத்தாரும் எல்லையில் வந்து நின்று, இதுதான் எல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் முடிய ஏழு மாதம் ஆனது. அலைச்சல்தான், ஆனால் அதில் ஒரு நாளும் வீண் இல்லை.

உண்மையான சிக்கல் வீட்டுக்குள்ளே இருந்தது. நிலம் அந்தக் குடும்பத்தின் இறந்துபோன அப்பாவுடையது. கையெழுத்துப் போட வந்தது மூன்று மகன்கள் மட்டும். இரண்டு மகள்கள் இருக்கிறார்களே என்று கேட்டேன். இந்த மலைப் பகுதி மக்களான காரோ இனத்தாரின் வழக்கப்படி பெண்களுக்கு நிலத்தில் பங்கில்லை என்றார்கள். நோட்டாரிஸ் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மகளும் வாரிசுதான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1961இலேயே சொல்லிவிட்டது, அதுவும் இதே காரோ மண்ணிலிருந்து போன வழக்கில் என்றார். மகன்களின் முகம் இறுகிவிட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுக்கக் கூடியது. 'ருங்கு' என்பார்கள். கூடத்தில் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டும் காப்பியும் நடுவில். நடுநாயகமாக அவர்களுடைய அம்மாவின் அண்ணன். காரோ மக்களிடம் தாய்மாமன் வழிக் குடும்பத்துக்குத்தான் பெரிய மரியாதை. கண்ணுக்குத் தெரியும் கடவுள் என்றே சொல்வார்கள். ஐந்து பிள்ளைகளும் அவரைக் கூப்பிட்டது 'மாமா' என்று. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் குடும்பம் செம்பிரிங் குலத்தில் சோளியா பிரிவு. அதே குலத்தில் பாண்டியா என்றும் ஒரு பிரிவு உண்டு. நான் தமிழன் என்று தெரிந்ததும், நீ எங்களுக்குப் புதியவன் இல்லை என்றார் பெரியவர்.

அவர் அதிகம் பேசவில்லை. "என் மருமகள்கள் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். மேடானிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த மூத்த மகள் பத்திரத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். 25 வருடம் என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, "அதற்குப் பிறகு மரங்கள் யாருக்கு?" என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்றேன். அந்த வரியை அப்போதே எழுதிச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். 10,000 ரூபியா மெத்தராய் முத்திரையின் மேல் படும்படி ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள்.

பத்திரத்தில் நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியவை: யார் இறந்தாலும் குத்தகை வாரிசுகளைக் கட்டுப்படுத்தும், இடையில் நிலத்தை விற்றாலும் குத்தகை தொடரும். இரண்டாவது அவர்களுடைய சிவில் சட்டத்தின் 1576ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இருந்தாலும் எழுதி வைத்தேன். வாடகைக்கு 10 சதவீத வரி உண்டு. அதை யார் கட்டுவது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாங்கள் பேசாமல் விட்டு, கடைசி நாளில் சங்கடப்பட்டோம்.

லாபம் எவ்வளவு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கைமாற்றிக் காசு பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த மலை ஒத்துவராது. மரங்களை அந்தக் குடும்பமே பார்த்துக்கொள்கிறது, விளைச்சலும் அவர்களுக்கே. எனக்கு ஒரு கூடை வீட்டு வாசலுக்கு வந்துவிடும். போன மாதம் கூரைத் தகரம் முழுவதும் மாற்றினோம். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர் மாமா.