சாக்ஸ் இல்லாம ஸ்கேட் போட்டுப் பார்த்தேன்: ஏழாவது வாரம்

டொராண்டோ வந்து ஆறு வருஷம் கழிச்சு, 39 வயசுல ஐஸ் ஹாக்கி கத்துக்கிறேன்னு கிளம்பியிருக்கேன், வீட்ல இன்னும் சிரிப்பு அடங்கல. ஆடுறது டிஃபென்ஸ். காரணம் பாபி ஆர் (Bobby Orr)ங்கிற பழைய ஹாக்கி ஆட்டக்காரர். பாஸ்டன் புரூயின்ஸ் டீம்ல 4ஆம் நம்பர் போட்டுட்டு அவர் ஆடுன பழைய வீடியோவ ஒரு தடவ பார்த்துட்டா வேற யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. சரி, அவர் பண்ணதையெல்லாம் நாமளும் பண்ணிப் பார்ப்போம்னு ஒண்ணொண்ணா எடுத்தேன்.

முதல்ல டேப். பக் (பந்துக்குப் பதிலா அடிக்கிற ரப்பர் வட்டு) வழுக்காம நிக்கணும்னு எல்லாரும் ஸ்டிக்கோட பிளேடு முழுக்க டேப் சுத்துவாங்க, அவர் பேருக்கு ஒரே ஒரு சுத்துதான், பிற்காலத்துல அதுவும் கிடையாது. நானும் ஒரு சுத்து சுத்திட்டுப் போனேன். வந்த பாஸ் எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி நழுவிப் போச்சு. அடுத்து சாக்ஸ். அவர் வெறுங்காலோட ஸ்கேட் போடுவாராம். 20 நிமிஷத்துல என் குதிகால்ல ரெண்டு கொப்புளம், வீட்டுக்கு செருப்புப் போட்டுட்டு நடந்தேன், அதுவும் பனில.

மூணாவதுதான் முக்கியமானது, பக்கை எடுத்துட்டு ஓடுறது. அவர் 1966ல வந்தப்போ டிஃபென்ஸ்மேன்னா பெரும்பாலும் நம்ம கோல் பக்கத்துல நின்னு இடிக்கணும், பக்கை வெளிய தள்ளணும், அவ்ளோதான் வேலை. இவர் சொந்த கோல் பின்னாடி இருந்து பக்கை எடுத்துட்டு அந்த முனை வரைக்கும் போனாரு. 1969-70ல 120 பாயிண்ட் (அடிச்ச கோலும், கோலுக்கு உதவினதும் சேர்த்து), NHL லீக்லயே முதலிடம். 1974-75ல 46 கோலோட பாயிண்ட்ல மறுபடி முதலிடம். வேற எந்த டிஃபென்ஸ்மேனும் இன்னிவரைக்கும் அந்த இடத்துக்கு வரல.

நான் ஓடினேன். நடு கோட்டுலயே ஒருத்தன் பக்கைத் தட்டிட்டுப் போயிட்டான், நான் நின்னு திரும்புறதுக்குள்ள அங்க கோல். கோல்கீப்பர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! கூட ஆடுற யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருத்தர் மெதுவா வந்து, "தம்பி, முன்னுக்கு ஓடுறது பிறகு, முதல்ல பின்னுக்குப் போகப் பழகும்"னாரு.

அன்னைக்கு ராத்திரி வீடியோவ வேற மாதிரி பார்த்தேன், கோல் எல்லாத்தையும் விட்டுட்டு பக்கை இழந்த இடத்தை மட்டும். மனுஷன் அரை செகண்ட் கூட நிக்கல, இடுப்பு திரும்பிடுது, நாலு எட்டுல ஆளைப் பிடிச்சுடுறாரு. 1970-71ல அவரோட பிளஸ் மைனஸ் +124, அதாவது அவர் ஐஸ்ல இருந்தப்போ டீம் அடிச்ச கோலுக்கும் வாங்கின கோலுக்கும் வித்தியாசம் (பவர் பிளேல, அதாவது எதிரணில ஆள் குறைவா இருக்கிறப்போ அடிக்கிற கோல் கணக்குல வராது). இன்னும் யாரும் அதை முறியடிக்கல. அதே சீசன்ல அவர் எடுத்த 139 பாயிண்டை விட எனக்கு இந்த நம்பர்தான் மலைப்பா இருக்கு.

அதனால நாலு வாரமா திரும்புறது மட்டும்தான். முன்னாடி போயிட்டே இடுப்பைத் திறந்து, குதிகால் ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு நேரா கொண்டு வந்து, எடைய மாத்தி, பின்னோக்கிப் போகணும். வலது பக்கம் வருது. இடது பக்கம் திரும்பினா முழங்கால் சுள்ளுனு இழுக்குது, நேரா கீழதான்.

அவருக்கும் இடது முழங்கால்தான் எமன். கத்தி வெச்சுக் கிழிக்கிற ஆபரேஷன், திரும்பத் திரும்ப. அதோடயே தொடர்ந்து 8 வருஷம் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை, 1976 கனடா கப்ல சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினாரு. அந்த வருஷம் சிகாகோ டீமுக்குப் போனவரு அங்க மொத்தமே 26 மேட்ச்தான், 1978ல 30 வயசுல முடிச்சுக்கிட்டாரு. நான் 39ல ஆரம்பிக்கிறேன், இது எந்த ஊர் நியாயமோ.

1970 மே 10, ஸ்டான்லி கப் (NHL கோப்பை) ஃபைனல் போட்டோ எல்லாரும் பார்த்திருப்பீங்க, ஓவர்டைம் 40ஆவது செகண்ட்ல கோல் அடிச்சுட்டு காத்துல பறக்குறாரே, அது. அதுக்கு முன்னாடி என்ன பண்ணாருன்னு பாருங்க, ஓரத்துல போற பக்கைத் தடுக்க இடத்தை விட்டு உள்ள பாயுறாரு, அது மட்டும் தப்பியிருந்தா எதிரணி செயின்ட் லூயிஸ் ஆளுங்க நேரா பாஸ்டன் கோலுக்குத்தான். திரும்பி ஓடிப் பிடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

இன்னைக்குக் கணக்கு: இடது பக்கம் 20 தடவ, 11 தடவ விழாம நின்னேன். பிளேடு முழுக்க டேப், கால்ல தடிமனான சாக்ஸ்.