அறப்புரைக்கு அடியில் ஈரம்

ஜூன் 6

நெல் போட்டு வைக்கும் அறையான அறப்புரைக்குள் நுழைந்ததுமே பூஞ்சை வாடை. அரிசி வாளியை நகர்த்தினால் அடியில் இருந்த பலகை மெத்தென்று அமுங்குகிறது. நெல்லுக்கு ஓதம் ஏறக்கூடாது என்றுதான் தாத்தா அயினிப் பலகைத் தளத்தைக் கருங்கல் கால்களின் மேல் இரண்டடி உயர்த்திக் கட்டினார். டார்ச்சோடு அந்த இரண்டடிக்குள் தவழ்ந்து பார்த்தேன். மண் கையில் ஒட்டியது. விட்டத்தில் வெள்ளைப் பூஞ்சை, ஒரு மூலையில் சிதல் (கறையான்) ஏறிய மண்கோடு. மனசு கனத்துப் போச்சு.

ஜூன் 8

எலிக்கும் பாம்புக்கும் பயந்து அம்மா செங்கல் வைத்து அடைத்திருந்த நான்கு காற்றுத் துளைகளையும் திறந்து, கம்பி வலை அடித்தேன். காற்று உள்ளே போனால் காய்ந்துவிடும் என்று நம்பினேன்.

ஜூன் 15

காயவில்லை, கூடிவிட்டது. கருங்கல் கால்களில் முத்து முத்தாகத் தண்ணீர். சந்தையில் வாங்கிய ஈரப்பதமானியை வெளியே வைத்தேன்: 28 டிகிரி, 90 சதவீதம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும். வெயிலே படாத அடிமண் 25-இல் கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய செம்பு வெளியே வியர்க்கிறதே, அதே கதைதான். காயவைக்கத் திறந்த துளை வழியாக நானே ஈரத்தை உள்ளே அழைத்திருக்கிறேன். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் உலர்ந்த காற்று இல்லை இது. தக்கலைப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் மழை கலந்தே வருகிறது.

துளைகளை மூடினேன். அப்புறம் ஒரு சோதனை: இரண்டடிச் சதுரப் பாலிதீனை மண்மேல் விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்தேன்.

ஜூன் 17

பாலிதீனின் மேல்பக்கம் லேசான ஈரம். அடிப்பக்கம் சொட்டச் சொட்ட. ஆக, காற்றைவிட மண்தான் பெரிய குற்றவாளி.

ஜூன் 25

மண்ணுக்குத் தண்ணீர் எங்கிருந்து? கன்னிப்பூ நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானலில் வந்ததும் எங்கள் கிணறு ஏறிவிடும். அதை நான் தடுக்க முடியாது. ஆனால் ஓட்டுத் தண்ணீர் முழுவதும் சுவரடியில் விழுகிறது. முற்றத்து மண்ணோ வருஷா வருஷம் மேடாகி, வீட்டைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. இதைத் தடுக்கலாமே.

கொத்தனார் அண்ணன் சுவரைத் தட்டிப் பார்த்தார். "கீழ மூணடிக்கு சிமெண்ட் பூசியிருக்கீங்களே, அதனாலதான் ஓதம் மேல ஏறுது. உள்ள இருக்க ஈரம் எந்த வழியா போவும்?" பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் ஓதம் தெரியக்கூடாது என்று நாங்களே பூசியது அது. கொத்தி எடுக்கச் சொன்னேன்.

ஜூலை 4

ஐந்து நாள் வேலை. மேட்டை வெட்டி, பத்தடிக்கு ஆறங்குலம் சரிவாக மண்ணை வீட்டை விட்டு வெளியே பார்க்கச் செய்தோம். ஓட்டின் விளிம்பில் பிவிசி குழாயைப் பிளந்து பொருத்தி, தண்ணீரைத் தென்னந்தோப்புக்குத் திருப்பினோம். சுவரில் மறுபடி சுண்ணாம்புச் சாந்து.

ஜூலை 9

150 மைக்ரான் பாலிதீன் விரித்தாயிற்று. ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி போட்டு, இணைப்பில் டேப் ஒட்டினேன். கல்கால்களில் அரையடி ஏற்றிக் கட்டினேன். மரத்தில் படவிடவில்லை, சிதல் கோடு ஏறினால் கண்ணில் படவேண்டும் என்று கல்லின் மேல்பகுதியையும் மூடாமல் விட்டேன். குப்புறப் படுத்துச் செய்ததில் முதுகு இன்னும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 11

விட்டத்தில் ஈரம் ஜூலைத் தொடக்கத்தில் 27 சதவீதம். இப்போது 18. மரம் இருபதுக்குக் கீழே நின்றால் அதை அழுகவைக்கும் பூஞ்சை வளராது. அமுங்கிய இரண்டு பலகைகளை ஆசாரி மாற்றிவிட்டார். மற்றதெல்லாம் தாத்தா போட்டதே.

"வாடை போயிட்டு மக்களே" என்று அம்மா அரிசி வாளியைத் திரும்ப வைத்தாள். வடக்கு மூலை விட்டம் மட்டும் இன்னும் 23. ஐப்பசி மழைக்கு முன் அது இறங்க வேண்டும்.