குறுக்கு விசாரணையில் மூன்றே கேள்விகள்

"அவன் சுடவே இல்லைன்னு ஜட்ஜுகிட்ட நேராச் சொல்லிடுங்க தம்பி." துப்பாக்கிச் சூட்டு வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரின் அக்கா போன் செய்யும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறார். சீனியருக்காக மேல்முறையீட்டுக் கட்டுகளைப் படித்துக் குறிப்பெடுப்பது என் வேலை. "சரிக்கா" என்று சொல்லி போனை வைத்துவிட எனக்கு மனசு வருவதில்லை. மேல்முறையீடு என்பது பெரும்பாலும் புது விசாரணை இல்லை, சாட்சிகள் மறுபடி கூண்டில் ஏற மாட்டார்கள், கீழ்க்கோர்ட்டில் பதிவானதற்குள்தான் தவறைத் தேட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் விளக்குகிறேன். அவருக்கு அது புரிகிறது. ஆனாலும் அடுத்த முறையும் அதையேதான் சொல்கிறார்.

இந்த வாரம் தோட்டா நிபுணரின் சாட்சியத்துக்கு வந்தேன். அரசு வக்கீல் கேட்ட முதல் விசாரணை நான்கு பக்கம். உடலில் எடுத்த தோட்டாவும், கைப்பற்றிய துப்பாக்கியில் சோதனைக்காகச் சுட்ட தோட்டாவும் "ஒத்துப்போகின்றன" என்கிறார். எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை அரைப் பக்கம், மூன்றே கேள்விகள். எந்தக் கீறல்களை ஒப்பிட்டீர்கள், நுண்ணோக்கியில் படம் எடுத்தீர்களா, வேறொருவர் சரிபார்த்தாரா என்று யாருமே கேட்கவில்லை. அந்த அரைப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு மனிதனின் ஆயுள் முழுக்க அதில்தான் தொங்குகிறது.

அமெரிக்காவின் அலபாமாவில் நடந்த ஆன்டனி ரே ஹின்டன் வழக்கு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 1985-இல் உணவக மேலாளர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்றாவது சம்பவத்தில் தப்பிப் பிழைத்தவர் ஹின்டனின் படத்தை அடையாளம் காட்டினார். அந்த நேரத்தில் தான் பூட்டிய கிடங்கில் வேலையில் இருந்ததாக ஹின்டன் சொன்னார். கொலைகளோடு அவரை இணைத்தது, அவர் அம்மா வீட்டில் கிடைத்த ரிவால்வரும், மூன்று சம்பவங்களிலும் எடுத்த ஆறு தோட்டாக்களும்தான். ஹின்டன் தரப்பு நிபுணருக்கு 1,000 டாலருக்கு மேல் கோர்ட்டு தராது என்று அவருடைய வக்கீல் நம்பிவிட்டார். அந்த வரம்பு அதற்கு முன்பே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அவர் அதைச் சரிபார்க்கவில்லை. அந்தப் பணத்துக்குக் கிடைத்தவர் ஒரு கண் பார்வையில்லாத, நுண்ணோக்கியை இயக்கவே உதவி தேவைப்பட்ட பொறியாளர். அரசு வக்கீல் ஜூரியின் கண் முன்னாலேயே அவரை உருக்குலைத்துவிட்டார். மரண தண்டனை விழுந்தது.

2002-இல் மூன்று நல்ல நிபுணர்கள், தோட்டாக்கள் அந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது என்று சாட்சி சொன்னார்கள். அப்புறமும் பன்னிரண்டு வருஷம் ஓடியது. 2014-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வக்கீல் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தது அவருடைய கடமையில் குறை என்று ஒருமனதாகச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2015 ஏப்ரல் 3 அன்று ஹின்டன் வெளியே வந்தார். கிட்டத்தட்ட 30 வருஷம் போய்விட்டது.

கவனியுங்கள், அந்த நீதிமன்றத்தில் "அவர் நிரபராதி" என்ற கதறல் வேலை செய்யவில்லை. வக்கீலின் ஒரு தவறான நம்பிக்கை, அது பதிவில் இருந்த இடம், அதனால் முடிவே மாறியிருக்க வாய்ப்புண்டா என்ற கேள்வி: இவைதான் வேலை செய்தன. தோட்டா ஒப்பீடு நிபுணரின் சொந்தத் தீர்மானத்தைச் சார்ந்தது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வு மன்றம் 2009-இலேயே எழுதிவிட்டது. அதனால் ஒப்பீடு எல்லாமே பொய் என்றாகாது. ஆனால் கேள்வி கேட்காமல் விடக்கூடிய சாட்சியம் அது இல்லவே இல்லை. கொல்லப்பட்டவரின் வீட்டாருக்கும் உண்மையான ஆள்தான் வேண்டும். அந்த அரைப் பக்கம் அவர்களுக்கும் செய்த அநியாயம்தான்.

ஆய்வகத்தின் மூலக் குறிப்புகளைக் கேட்டு மனு எழுதச் சொல்லியிருக்கிறார் சீனியர். கொடுப்பார்களா என்பது வேறு. நேற்று அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கேட்காம விட்ட அந்தக் கேள்விங்களை மெதுவாச் சொல்லுங்க தம்பி, எழுதிக்கிறேன். ஜெயில்ல மனு பார்க்கப் போறப்ப அவன்கிட்ட படிச்சுக் காட்டணும்" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'நுண்ணோக்கி' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.