கோவிட் இறப்புகளில் ஐந்தில் ஒன்று: இன்டர்ஃபெரானை முடக்கும் தன்னெதிர்ப்பொருள்

உயிருக்கே ஆபத்தான கோவிட் நிமோனியா வந்த 987 பேரை 2020இல் சோதித்தபோது, 101 பேரின் ரத்தத்தில் முதல் வகை இன்டர்ஃபெரானை (வைரஸை எதிர்க்கச் செல்கள் சுரக்கும் புரதம்) முடக்கும் தன்னெதிர்ப்பொருள், அதாவது உடல் தன் சொந்தப் புரதத்துக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருள், இருந்தது. அவர்களில் 95 பேர் ஆண்கள். தொற்று லேசாக வந்துபோன, அல்லது அறிகுறியே காட்டாத 663 பேரில் ஒருவரிடமும் அது இல்லை. நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஜான்-லோரான் காசனோவா குழுவின் இந்த ஆய்வு 2021இல் 3,595 தீவிர நோயாளிகள் வரை விரிந்தது. இறந்த 1,124 பேரில் 18 சதவீதத்தினரிடம் இது தென்பட்டது.

நோய் முற்றியதால் வந்த விளைவுதானே இது என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. சிலருக்குத் தொற்றுக்கு முன்பே எடுத்து வைத்த ரத்தத்திலும் இருந்தது. ஏர் (AIRE) மரபணுவில், அதாவது சொந்த உடலைத் தாக்காமலிருக்க நோயெதிர்ப்பு செல்களைப் பழக்கும் மரபணுவில், பிறழ்வு உள்ளவர்களுக்குச் சிறுவயதிலேயே உருவாகிவிடுகிறது. வைரஸ் நுழைந்த செல் முதலில் வெளிவிடுவது இன்டர்ஃபெரான். அதை எதிர்ப்பொருள் பிடித்துக்கொண்டால் முதல் சில நாட்கள் வைரஸ் தடையின்றிப் பெருகும். நுரையீரல் அழற்சி அதற்குப் பின்னால் வருவது.

வயதுதான் முக்கியம். தொற்றே வராதவர்களில் இந்தத் தன்னெதிர்ப்பொருள் உள்ளவர்கள் 70 வயதுக்குக் கீழ் சுமார் 1 சதவீதம், 80ஐத் தாண்டினால் 6.3 சதவீதம்.

இந்த எண்களைப் படிக்கும்போது அளவைப் பாருங்கள். பத்து மடங்கு நீர்த்த பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி), மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் இன்டர்ஃபெரானை முடக்குகிறதா, 100 பிகோகிராமை மட்டுமா? உடலில் உண்மையில் சுரக்கும் அளவுக்கு நெருக்கமானது இரண்டாவதுதான். தீவிர நோயாளிகளில் 2020இன் 10.2 சதவீதம் (987இல் 101) 2021 ஆய்வில் 13.6 ஆனதற்கு இதுவே பெரிய காரணம்.

எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனையில் பாசிட்டிவ் என்பது மட்டும் போதாது (அதை வைத்தே முடிவு சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை). எதிர்ப்பொருள் ஒட்டுகிறது என்பதைத்தான் அது காட்டும், முடக்குகிறதா என்பதை அல்ல. இன்டர்ஃபெரான் பட்டால் லூசிஃபெரேஸ் என்ற நொதியால் ஒளிரும்படி மாற்றிய செல்களில் பிளாஸ்மாவையும் இன்டர்ஃபெரானையும் சேர்த்து, ஒளி எழாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வகை இன்டர்ஃபெரான்களான ஆல்ஃபா, ஒமேகா, பீட்டா மூன்றையும் தனித்தனியே சோதிப்பது நல்லது. பீட்டாவை முடக்குவோர் தீவிர நோயாளிகளில் 1.3 சதவீதம்தான், தொடக்க நாட்களில் பீட்டா இன்டர்ஃபெரான் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை இங்கிருந்துதான் வந்தது.

பிளாஸ்மா மாற்றமோ இம்யூனோகுளோபுலின் ஊசியோ தொடங்கும் முன்பே மாதிரியை எடுத்துவிடுங்கள். முன்னது இருக்கும் எதிர்ப்பொருளைக் குறைத்துவிடும், பின்னது வேறொருவரின் எதிர்ப்பொருளைக் கலந்துவிடும். குணமானவர்களின் பிளாஸ்மாவைத் தானமாக ஏற்றும்போதும் இதே சோதனை தேவை.